நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பது எப்படி: பயிற்சி ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

"உங்கள் வகுப்பறை மேலாண்மை அணுகுமுறையை விவரிக்கவும்" என்று ஆசிரியர் பயிற்சியில் கேட்டால் வரும் விடைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. அன்பும் கண்டிப்பும் கலந்து நடந்துகொள்வேன், எல்லா மாணவரையும் சமமாக மதிப்பேன், ஆர்வமூட்டும்படி பாடம் நடத்துவேன். மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் மணி அடித்து நாற்பது பேர் திமுதிமுவென்று உள்ளே வரும் அந்த முதல் இரண்டு நிமிடத்துக்கு அதில் ஒரு வரிகூட உதவாது. பையை எங்கே வைப்பது, பலகையில் என்ன எழுதியிருக்கும், பேனா கொண்டுவராதவன் யாரிடம் கேட்பான் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருந்தால்தான் உங்களிடம் ஓர் அணுகுமுறை இருக்கிறது என்று பொருள்.

வகுப்புகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்த ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-இல் ஒரு விசித்திரமான முடிவை வெளியிட்டார். மாணவர் தவறு செய்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதை வைத்து, நன்றாக நடக்கும் வகுப்பையும் கலவரமான வகுப்பையும் அவரால் பிரித்தறிய முடியவில்லை. வேறுபாடு தவறு நடப்பதற்கு முன்னால் இருந்தது: ஆசிரியர் எதையெல்லாம் கண்ணில் வைத்திருக்கிறார், பாடத்தின் ஓட்டத்தை எப்படிக் காக்கிறார், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு எப்படி நகர்த்துகிறார். அதனால் இந்த வழிகாட்டியும் நடைமுறைகளிலிருந்து தொடங்குகிறது. கண்டிப்பு பின்னால் வரும்.

முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள்

ஒரு பீரியடைத் தொடக்கம் முதல் முடிவு வரை மனதில் ஓட்டிப் பாருங்கள். மாணவர் "இப்ப என்ன செய்யணும்?" என்று தடுமாறக்கூடிய ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைவது, வருகைப்பதிவு எடுக்கும் நேரம், தாமதமாக வருபவர், நோட்டோ பேனாவோ இல்லாதவர், பதில் சொல்ல விரும்புபவர், தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்கும் போக வேண்டியவர், நோட்டு கொடுப்பதும் திரும்ப வாங்குவதும், குழுவாக உட்காருவது, வேலையை முதலில் முடித்துவிட்டவர், மணி அடித்ததும் வெளியேறுவது. வேதியியல் ஆய்வகமோ விளையாட்டு மைதானமோ என்றால் இன்னும் நாலைந்து சேரும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த வாக்கியத்தைப் படித்தால் கண்ணுக்குத் தெரியும் ஒரு செயல் வர வேண்டும். "தாமதமாக வருபவர் பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும்" என்பதில் செயல் எதுவும் இல்லை. "தாமதமாக வருபவர் அனுமதி கேட்காமல் உள்ளே வந்து, கதவருகே உள்ள தாளில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்து பலகையில் உள்ளதைத் தொடங்க வேண்டும்" என்பதில் எல்லாம் இருக்கிறது. இதன் பலன் என்னவென்றால், தாமதமாக வந்த ஒருவருக்காக மற்ற முப்பத்தொன்பது பேரின் பாடம் நிற்பதில்லை. ஏன் தாமதம் என்ற விசாரணையை வகுப்பு முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம்.

விதிகள் வேறு, நடைமுறைகள் வேறு. விதிகள் மூன்று முதல் ஐந்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் உங்களுக்கே நினைவிருக்காது. "ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்போம்", "அடுத்தவர் பொருளைக் கேட்காமல் தொட மாட்டோம்" என்ற அளவில் போதும். ஆனால் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 1968-இல் மேட்சன், பெக்கர், தாமஸ் ஆகிய மூவர் இதைத் தொடக்கப்பள்ளி வகுப்புகளில் சோதித்தார்கள். விதிகளை மட்டும் அறிவித்தபோது மாணவர் நடத்தையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆசிரியர் சரியான நடத்தையைக் கவனித்துப் பாராட்டத் தொடங்கிய பிறகே மாற்றம் வந்தது.

முதல் வாரம்: நடைமுறையையும் பாடமாக நடத்துங்கள்

பின்னக் கணக்கை ஒருமுறை சொல்லிவிட்டு எல்லாருக்கும் புரிந்திருக்கும் என்று எந்த ஆசிரியரும் விட்டுவிடுவதில்லை. நடைமுறைகளில் மட்டும் அப்படித்தான் விடுகிறோம். இதற்கும் அதே படிகள் வேண்டும்: சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், ஒரு வரிசையைச் செய்யச் சொல்லுங்கள், பிறகு எல்லாரையும் செய்யச் சொல்லுங்கள், எங்கே பிசகியது என்று சொல்லி மறுபடி செய்ய வையுங்கள். ஒரு நடைமுறைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும்.

முதல் நாளில் மூன்றே மூன்று போதும்: உள்ளே வருவது, கவனம் கேட்கும் சைகைக்கு அமைதியாவது, வெளியேறுவது. இரண்டாம் நாள் பதில் சொல்லும் முறையும் நோட்டு விநியோகமும். குழுவாக உட்காருவதை முதல் குழுவேலைக்கு முந்தைய நாள் சொல்லித்தாருங்கள். பத்து நடைமுறைகளையும் முதல் நாளே அடுக்கினால் ஒன்றும் தங்காது.

மறுபடி செய்ய வைக்கும்போது குரலில் எரிச்சல் இருக்கக் கூடாது. "நாற்காலி இழுக்கிற சத்தம் அதிகமா இருந்துச்சு. தூக்கி வைக்கலாம். இன்னொரு தடவை." அவ்வளவுதான். எரிச்சலோடு சொன்னால் அது தண்டனையாகிவிடும். பதின்ம வயதினர் அதைப் போட்டியாக எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை இன்னும் பலமாக இழுப்பார்கள். பெரிய வகுப்புகளில் காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது: "கீழ் மாடியில தேர்வு நடக்குது."

வழக்கமாக இந்த ஏற்பாடு குலைவது முதல் நாளில் அல்ல, நான்காம் ஐந்தாம் நாளில். பாடம் பின்தங்கியிருக்கிறது, நுழையும்போது கொஞ்சம் சத்தம், "சரி, இன்னிக்கு மட்டும் போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். மாணவர்கள் நீங்கள் சொன்னதை விதியாக எடுத்துக்கொள்வதில்லை, நீங்கள் விட்டுக்கொடுத்ததைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். விடுமுறை முடிந்து திரும்பும் நாளிலும் இதே கதைதான். அன்று இரண்டு நடைமுறைகளை மீண்டும் செய்து பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கிவையுங்கள்.

அமைதிக்கு ஒரே ஒரு சைகை

கையை உயர்த்துவதோ, மணியோ, தாளத்தோடு இரண்டு கைதட்டலோ, எதுவானாலும் ஒன்றைத் தேர்ந்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வகுப்புகளில் கைதட்டல் நன்றாக எடுபடும். பதினைந்து வயதுக்காரர்களிடம் அதைச் செய்தால் சிரிப்பார்கள். அவர்களுக்கு உயர்த்திய கையும் "இங்க பாருங்க" என்ற இரண்டு சொல்லும் போதும்.

செய்யும் விதம்: ஒவ்வொரு முறையும் வகுப்பின் முன்னால் ஒரே இடத்தில் நில்லுங்கள். சைகையை ஒருமுறை கொடுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். ஐந்து முதல் பத்து விநாடிக்குள் அமைதி வர வேண்டும் என்பது இலக்கு. அந்தப் பத்து விநாடி முதல் தடவை ஒரு யுகமாகத் தெரியும். பயந்து பேசத் தொடங்கிவிடாதீர்கள். பாதிப் பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ஆரம்பித்தால், உங்கள் பேச்சுக்கு நடுவில் பேசலாம் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும். அப்புறம் குரலை உயர்த்துவீர்கள், அவர்களும் உயர்த்துவார்கள், வார முடிவில் தொண்டை கட்டும்.

"உஷ்… உஷ்…" என்று இடைவிடாமல் சொல்வதும், மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பதும் சில நாளில் மின்விசிறிச் சத்தம் போலக் காதில் விழாத பின்னணியாகிவிடும். ஒன்று முதல் ஐந்து வரை எண்ணும் ஆசிரியர்கள் நாலரை, நாலேமுக்கால் என்று இழுத்தால் அதுவும் அப்படியே. நாலு பேர் மட்டும் அடங்கவில்லை என்றால் எல்லாரையும் திட்டாமல், உயர்த்திய கையை இறக்காமலேயே அவர்கள் பக்கம் நடந்து போங்கள். பெரும்பாலும் பாதி வழியிலேயே அடங்கிவிடும்.

இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது

ஒரு மணி நேரத்தில் எந்தெந்த நிமிடங்களில் சச்சரவு தொடங்குகிறது என்று ஒரு வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து குறித்துப் பாருங்கள். பாடம் நடக்கும்போது குறைவாகவே இருக்கும். நோட்டு எடுக்கும்போது, பலகையை அழிக்கும்போது, புரொஜெக்டர் வேலை செய்யாதபோது, முடித்தவர்கள் சும்மா இருக்கும்போது, பதிவேட்டில் பெயர் வாசிக்கும்போது என்று காத்திருக்கும் நேரங்களில்தான் கூடுதலாக இருக்கும். சும்மா இருக்கும் கைகள் எதையாவது செய்யும். அது பக்கத்தில் இருப்பவனின் அளவுகோலைப் பிடுங்குவதாகவும் இருக்கலாம்.

நோட்டு விநியோகத்தையே எடுத்துக்கொள்வோம். நாற்பது நோட்டுகளை நீங்கள் பெயர் வாசித்து ஒவ்வொன்றாகக் கொடுத்தால், ஒன்றுக்கு ஐந்து விநாடி என்றாலும் 200 விநாடி, அதாவது மூன்று நிமிடம் இருபது விநாடி. அவ்வளவு நேரமும் முப்பத்தொன்பது பேருக்கு வேலை இல்லை. நோட்டுகளை உட்காரும் வரிசைப்படி அடுக்கி வைத்து, வரிசைக்கு ஒரு கட்டாகக் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். திரும்ப வாங்கும்போது பின்னாலிருந்து முன்னால் கடத்தச் சொல்லாமல் பக்கவாட்டில் கடத்தச் சொல்லுங்கள். நீங்கள் ஓரத்தில் நடந்துகொண்டே வாங்கினால் எந்த வரிசையில் என்ன நடக்கிறது என்பது கண்ணில் படும். முதுகில் குத்துவதும் குறையும். வருகைப்பதிவைப் பலகையில் உள்ள வேலையை அவர்கள் செய்துகொண்டிருக்கும்போது, இருக்கைப் படத்தைப் பார்த்து நீங்களே மௌனமாக எடுத்துவிடலாம்.

தொடக்க வேலைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. மணி அடிக்கும் முன்பே பலகையில் இருக்க வேண்டும். விளக்கம் இல்லாமலே புரிய வேண்டும். நேற்றைய பாடத்திலிருந்து வர வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும். புதிய, கடினமான ஒன்றைப் போட்டால் முப்பது கை உயரும். நுழைவு நேரமே கலவரமாகிவிடும்.

வேலை கொடுக்கும்போது வரிசை முக்கியம். "குழுவா பிரிஞ்சு உட்காருங்க" என்று முதலில் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் யார் காதிலும் விழாது. நகரும் கட்டளை கடைசியில் வர வேண்டும். என்ன செய்வது, எந்தப் பொருளை வைத்து, எவ்வளவு நேரம், எந்த அளவு சத்தத்தில், சிக்கினால் யாரைக் கேட்பது என்று ஐந்தையும் சொல்லி, சுருக்கமாகப் பலகையிலும் எழுதுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், "புரிஞ்சுது சார்" என்று பாட்டாகப் பதில் வரும், அதில் தகவல் எதுவும் இல்லை. கேட்காமல் இருந்திருக்கக்கூடிய ஒருவரிடம் "முதல்ல என்ன செய்யப் போற?" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் "ஆரம்பிங்க" என்று சொல்லலாம். முதல் முப்பது விநாடிக்கு யாருக்கும் உதவப் போகாமல் நின்ற இடத்திலேயே நின்று எல்லாரும் தொடங்கிவிட்டார்களா என்று பாருங்கள். உடனே ஒரு மேசைக்குக் குனிந்துவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

நேரத்தைக் கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள். பத்து நிமிடம் தேவைப்படும் வேலைக்கு எட்டு நிமிடம் சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் நீட்டலாம். பதினைந்து சொல்லிவிட்டுப் பத்தில் பிடுங்கினால் முணுமுணுப்பு வரும். முடித்துவிட்டவர்களுக்கு இன்னும் அதே மாதிரியான ஐந்து கணக்கு கொடுப்பது அவர்களுக்குத் தண்டனை. கொஞ்சம் வேறு விதமான ஒரு கேள்வியைப் பலகை ஓரத்தில் நிரந்தரமாக வைத்திருங்கள்.

ஓட்டத்தை ஆசிரியரே குலைப்பதும் உண்டு. கணக்குப் பாடத்தின் நடுவில் திடீரென்று நினைவுக்கு வந்து "சுற்றுலாப் பணம் யார் யார் கொண்டுவரலை?" என்று கேட்பது; ஒருவன் பேசியதற்கு மூன்று நிமிடம் வகுப்பு முழுவதற்கும் உபதேசம் செய்வது; கூட்டாகச் செய்யக்கூடியதை ஒவ்வொருவராகச் செய்ய வைப்பது. அந்தச் சுற்றுலா விஷயத்தை ஒரு சீட்டில் எழுதிவைத்துக்கொண்டு கடைசி நிமிடத்தில் கேட்கலாம்.

எங்கே நிற்பது, எப்படி உட்கார வைப்பது

கூனின் கண்டவற்றில் மிகவும் பேசப்பட்டது, ஆசிரியருக்குத் தலையின் பின்னாலும் கண் இருக்கிறது என்று மாணவர்கள் நம்பும் நிலை. அது பிறவித் திறமை என்று நினைக்க வேண்டாம், பழக்கத்தில் வருவதுதான். பலகையில் எழுதும்போது உடலைப் பக்கவாட்டில் திருப்பி எழுதப் பழகுங்கள். முழுப் பலகையும் நிறைய எழுத வேண்டுமென்றால் வகுப்புக்கு முன்பே எழுதிவிடுங்கள். ஒரு மாணவருக்கு உதவும்போது உங்கள் முதுகு சுவர்ப்பக்கமும் முகம் வகுப்புப்பக்கமும் இருக்கும்படி நில்லுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து நான்கு மூலைகளையும் பாருங்கள். எல்லாரும் நடுவைத்தான் பார்க்கிறோம், இடது ஓரமும் கடைசி மூலையும் விட்டுப்போகும்.

இன்னொன்று, சரியான ஆளை, சரியான நேரத்தில் கண்டிப்பது. கிள்ளியவனை விட்டுவிட்டு "ஆ" என்று கத்தியவனைத் திட்டினால், ஆசிரியருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது வகுப்புக்கே புரிந்துவிடும். யார் தொடங்கியது என்று உறுதியாகத் தெரியாதபோது பெயர் சொல்லாமல் அருகில் போய் நிற்பது பாதுகாப்பானது.

ஒருவருக்கு உதவுவதை அரை நிமிடத்துக்குள் முடியுங்கள். சரியாகச் செய்த பகுதியைக் காட்டி, அடுத்த ஒரு படியை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அங்கேயே நின்று முழுக் கணக்கையும் போட்டுக்கொடுத்தால் கை உயர்த்திய மற்ற ஐந்து பேர் சும்மா இருப்பார்கள். தவிர, கையை உயர்த்தினால் டீச்சர் வந்து போட்டுத் தருவார் என்பதையும் அவன் கற்றுக்கொள்வான்.

இருக்கை அமைப்பு பற்றிச் சண்டை போடத் தேவையில்லை. தனியாக எழுதும் வேலைக்கு வரிசை, பேசிச் செய்யும் வேலைக்குக் குழு. குழுவாக உட்கார வைத்துவிட்டு "யாரும் பேசக் கூடாது" என்பது நியாயமில்லை. எந்த அமைப்பானாலும் எந்த மாணவரையும் சில அடிகளில் எட்டும்படி நடைபாதை இருக்க வேண்டும். கவனம் சிதறுகிறவர்களைத் தனி மேசையில் ஒதுக்காதீர்கள், கடைசி பெஞ்சிலும் தள்ளாதீர்கள்; நீங்கள் அதிகம் நடக்கும் பாதையின் ஓரத்தில் உட்கார வையுங்கள்.

கேள்வி கேட்கும் விதமும் மேலாண்மைதான்

மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியோ அதற்கும் குறைவாகவோதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பதும் மௌனமும் குறைந்தன, தானாக முன்வந்து பேசுபவர்கள் கூடினார்கள். பெயரைக் கேள்விக்குப் பிறகு சொல்லுங்கள். "முருகா, நீராவி ஏன் மேல போகுது?" என்றால் முருகனைத் தவிர எல்லாருக்கும் விடுமுறை. கேள்வி, மூன்று விநாடி, பிறகு பெயர் என்றால் எல்லாரும் யோசித்தாக வேண்டும்.

கவனிக்காதவனை மாட்டிவிடுவதற்காகக் கேள்வி கேட்கும் பழக்கம் வேண்டாம். அவனுக்கும் பதில் வராது, வகுப்பு சிரிக்கும், பாடம் நிற்கும். கேள்வி என்பது தண்டனை என்றும் பதிந்துவிடும்.

மீறல் நடக்கும்போது

மிகச் சிறியதிலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஒரு படி ஏறுங்கள்.

1. பார்வை. பாடத்தை நிறுத்தாமல் இரண்டு விநாடி கண்ணைப் பாருங்கள்.

2. அருகில் போவது. பாடம் நடத்திக்கொண்டே நடந்து போய் அந்த மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முறைக்க வேண்டாம்.

3. நோட்டில் விரலை வைத்துக் காட்டுவது. "இங்க இருந்து."

4. பெயரைப் பாட வாக்கியத்திலேயே சேர்ப்பது. "இப்ப இந்த முக்கோணத்துல, கவிதா, ரெண்டு பக்கம் சமமா இருக்கு."

5. தாழ்ந்த குரலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்வது. "மூணாவது கணக்கு. ரெண்டு நிமிஷத்துல வந்து பார்க்கிறேன்." சொன்னபடி இரண்டு நிமிடத்தில் கட்டாயம் போக வேண்டும்.

6. இரண்டு வழிகளைக் கொடுப்பது. "இங்கயே தனியா முடிக்கலாம், இல்லன்னா முன் பெஞ்சுல உட்கார்ந்து முடிக்கலாம். நீயே சொல்லு."

7. வகுப்புக்குப் பிறகு தனியாகப் பேசுவது.

8. எழுதிவைத்து, வகுப்பாசிரியர், பெற்றோர், ஆலோசகர் ஆகியோரிடம் கொண்டுபோவது.

அடிதடி, ஆயுதம், ஒருவரை இழிவுபடுத்தும் பேச்சு, ஆய்வகத்தில் ஆபத்தான செயல் ஆகியவற்றுக்கு இந்தப் படிக்கட்டு கிடையாது. உடனே நிறுத்தி, ஆளனுப்பி உதவி கேட்க வேண்டும். யாரை அனுப்புவது, எந்த அறைக்கு என்பதை முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படியில் குரல் ஏன் தாழ வேண்டும்? 1970-இல் ஒலியரியும் உடன் ஆய்வாளர்களும் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கண்டிப்பதையும், அந்த ஒருவருக்கு மட்டும் கேட்கும்படி கண்டிப்பதையும் ஒப்பிட்டார்கள். தாழ்ந்த குரலில் சொன்னபோது குழப்பம் குறைந்தது. உரக்கச் சொன்னபோது கூடியது. நாற்பது பேர் பார்க்கும்போது ஒருவன் பணிந்தால் மானம் போகும், எதிர்த்தால் கைதட்டு கிடைக்கும். அந்த மேடையை நீங்களே போட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டு அங்கேயே நிற்காமல் நகர வேண்டும் என்பதும் அதனால்தான். யாரும் பார்க்காதபோது பேனாவை எடுப்பது எளிது.

"ஏன்டா பேசின?" என்று வகுப்பு நடுவில் கேட்காதீர்கள். உண்மையான காரணம் அங்கே வராது, சாக்குதான் வரும். "நான் மட்டுமா பேசினேன் சார்? அவனும்தான்" என்று வந்தால் யார் யார் பேசினார்கள் என்ற வழக்கு விசாரணைக்குள் போய்விடாதீர்கள். "இருக்கலாம். அதை அப்புறம் பேசுவோம். இப்ப மூணாவது கணக்கு" என்று சொன்ன இடத்துக்கே திரும்புங்கள். அதே வாக்கியத்தை இரண்டாம் முறையும் அதே தொனியில் சொல்லலாம். மூன்றாம் முறை தேவைப்பட்டால் ஆறாம் படிக்குப் போங்கள்.

செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். "இனிமே ஒருத்தன் பேசினாலும் இந்த வருஷம் முழுக்க விளையாட்டு பீரியடு கிடையாது" என்ற மிரட்டலை மறுநாளே நீங்கள் விழுங்க வேண்டியிருக்கும். ஒருவன் செய்ததற்கு எல்லாரையும் நிறுத்திவைத்தால் செய்யாதவர்களின் ஆதரவு போய்விடும். நூறு தடவை எழுது, கூடுதலாகப் பத்துக் கணக்கு போடு என்ற தண்டனைகள் எழுத்தையும் கணக்கையும் வெறுக்க வைக்கும். அடிப்பது, முட்டி போட வைப்பது, பட்டப்பெயர் வைப்பது ஆகியவை உங்கள் கருவிப்பெட்டியில் இருக்கவே கூடாது. அடி என்ன செய்யக் கூடாது என்பதைப் பயத்தின் மூலம் சொல்லும், என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாது.

ஒரே ஆள், ஒரே பிரச்சினை, மறுபடி மறுபடி

ஒரு மாணவரின் நடத்தை வாரக்கணக்கில் தொடர்ந்தால் படிக்கட்டில் ஏறி இறங்குவதை நிறுத்திவிட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்குங்கள். ஐந்து நாட்களுக்கு நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை: நேரம், அதற்கு முன் வகுப்பில் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதற்குப் பிறகு என்ன கிடைத்தது. "திமிராக நடந்தான்" என்று எழுதாதீர்கள். "புத்தகத்தை மூடித் தரையில் போட்டான்" என்று எழுதுங்கள்.

கடைசிப் பத்தியில்தான் விடை பெரும்பாலும் இருக்கும். கணக்குப் பயிற்சி தொடங்கியதும் சத்தம் போடுகிறான், நீங்கள் வெளியே நிற்க வைக்கிறீர்கள், பயிற்சி முடிந்ததும் உள்ளே அழைக்கிறீர்கள் என்று ஐந்து நாளும் இருந்தால், அவனுக்குத் தெரியாத கணக்கிலிருந்து தப்பிக்க நீங்களே வழி செய்துகொடுக்கிறீர்கள். அங்கே வேண்டியது பயிற்சியின் வடிவத்தை மாற்றுவது: முதல் கணக்கைச் சேர்ந்து போடுங்கள், பத்துக்குப் பதில் மூன்று கொடுங்கள், முடித்ததும் அடுத்த மூன்று. வேறொருத்தி நீங்கள் திரும்பிப் பார்க்கும்வரை பென்சிலால் தட்டுகிறாள் என்றால் அவளுக்கு வேண்டியது உங்கள் கவனம். தட்டாமல் வேலை செய்யும்போது அருகில் போய் ஒரு சொல் சொல்லுங்கள், தட்டும்போது பார்க்காதீர்கள்.

கண்டுகொள்ளாமல் விடும் இந்த உத்தியில் ஒரு பொறி இருக்கிறது. விடத் தொடங்கியதும் நடத்தை குறைவதற்கு முன் சில நேரம் கூடும்: தட்டல் பலமாகும். இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் நீங்கள் திரும்பினால், பலமாகத் தட்டினால்தான் பலன் என்று கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். அதனால் கடைசிவரை தாங்க முடிந்ததை மட்டும் விடுங்கள். மற்றவர்களைத் தொந்தரவு செய்வதையும், சக மாணவர்கள் சிரித்து ஊக்குவிப்பதையும் இப்படி விட முடியாது.

குறிப்புகளில் எந்த ஒழுங்கும் தெரியாவிட்டால் உடல் காரணங்களைப் பாருங்கள். பலகை தெரியாததால் பக்கத்து நோட்டைப் பார்க்கிறாரா, ஒரு காது கேட்கவில்லையா, காலையில் சாப்பிடவில்லையா, தூக்கம் போதவில்லையா? வீட்டில் ஏதோ நடக்கிறது என்ற சந்தேகம் வந்தால் நீங்களே துப்பறியாதீர்கள். பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

தனியாகப் பேசுவது இரண்டு நிமிட வேலை. கதவு திறந்திருக்கட்டும், மற்றவர் பார்வையில் இருங்கள், காதில் விழாத தூரத்தில். "திட்டக் கூப்பிடலை. இன்னிக்குப் படம் வரையற நேரத்துல மூணு தடவை எழுந்து போன. என்ன ஆச்சு?" பிறகு காத்திருங்கள். "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்று வரும். இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். "நாளைக்கும் அதே வேலைதான் இருக்கு. உட்கார்ந்து செய்யறதுக்கு என்ன மாத்தலாம்?" அவர் சொல்வதில் செய்யக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டு முடித்துவிடுங்கள். மறுநாள் அவர் உள்ளே வரும்போது நேற்றைய கணக்கை முகத்தில் காட்டாமல் வணக்கம் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

பாராட்டும் பரிசும்

"வெரி குட்" என்பதில் எது நல்லது என்ற தகவல் இல்லை. "மணி அடிச்சதும் நோட்டை எடுத்துட்ட" என்பதில் இருக்கிறது. பெரிய வகுப்பில் எல்லார் முன்னாலும் புகழ்ந்தால் சிலருக்குக் கூச்சமாகும், சிலருக்குக் கேலியாகும். நோட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். நட்சத்திரம், பரிசு இவற்றைத் தானாகவே விரும்பிச் செய்யும் வேலைக்கு அறிவிக்காதீர்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் செய்த ஆய்வில், பரிசு தருவதாகச் சொல்லி வரைய வைத்த குழந்தைகள் பின்னர் சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள்.

அடுத்தவர் வகுப்பில் பயிற்சி எடுக்கும்போது

பயிற்சி ஆசிரியருக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு: வகுப்பு அவருடையதல்ல. போன முதல் வாரத்திலேயே நீங்கள் ஒரு பக்கத்தில் எழுதிவைத்த நடைமுறைகளை அங்கே நிறுவ முயலாதீர்கள். இரண்டு மூன்று பீரியடு கடைசியில் உட்கார்ந்து, அந்த ஆசிரியர் அமைதிக்கு என்ன செய்கிறார், கழிப்பறைக்கு எப்படி அனுப்புகிறார், எதை விட்டுவிடுகிறார் என்று குறித்துக்கொண்டு அதையே பின்பற்றுங்கள். "எங்க மிஸ் இப்படித்தான் செய்வாங்க" என்ற வாதத்துக்கு இடமே இருக்காது. உங்களுடையதில் ஒன்றிரண்டை மட்டும், அவரிடம் சொல்லிவிட்டு, பிறகு சேர்க்கலாம்.

இருக்கைப் படத்தை முதல் நாளே கேட்டு வாங்கிப் பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள். "ஏய், நீலச் சட்டை" என்று கூப்பிடும்வரை மேலே சொன்ன படிக்கட்டின் நான்காம் படி உங்களுக்கு இல்லை. வயது வித்தியாசம் குறைவாக இருப்பதால் "அக்கா", "அண்ணா" என்று அழைப்பதும், தொலைபேசி எண் கேட்பதும், சமூக ஊடகத்தில் நட்பு அழைப்பு அனுப்புவதும் நடக்கும். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். நண்பனாகத் தொடங்கிவிட்டு மூன்றாம் வாரம் ஆசிரியராக மாற முயன்றால், அதை அவர்கள் துரோகமாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் வகுப்பு கையை விட்டுப் போகவும் செய்யும். அப்போது கத்தாமல், நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, தனியாக எழுதும் ஒரு எளிய வேலையைப் பலகையில் எழுதுங்கள்: பக்க எண், கேள்வி எண்கள், நேரம். பேச்சில்லாமல் விரலால் பலகையைக் காட்டுங்கள். தொடங்கியவர்கள் பக்கம் நடங்கள், தொடங்காதவர்களிடம் அப்புறம் போங்கள். ஐந்து முதல் எட்டு நிமிடத்தில் மூச்சு திரும்பும். இதற்காகவே அந்தந்தப் பாடத்துக்கு ஒரு வேலையைப் பாடக்குறிப்பின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருங்கள். கலவரத்தின் நடுவில் யோசித்தால் எதுவும் வராது.

அன்று மாலை பாடக்குறிப்பின் ஓரத்தில் எந்த நிமிடத்தில் குலைந்தது, அப்போது மாணவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். மறுநாள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில், நேற்றைய நாளைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல், அந்த ஒரு நடைமுறையை மட்டும் மறுபடி செய்து பாருங்கள்.